பிளாஸ்டிக்கா, உலோகமா? முதல் ரிமோட் டாங்கி வாங்குகிறவர்களுக்கு

இரண்டு ஆண்டுகளில் மூன்று டாங்கிகள் வாங்கினேன். முதலாவது முழுக்கப் பிளாஸ்டிக், பல்லெல்லாம் கொட்டிப்போனது. அந்தக் கோபத்தில் வாங்கிய இரண்டாவது 'முழு உலோகம்'. அதன் போர்டு (மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பலகை) கருகியது, கூடத்துத் தரையில் கீறல் விழுந்தது, அம்மா ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். மூன்றாவதில் கீழே உலோகம், மேலே பிளாஸ்டிக். அது இன்றும் ஓடுகிறது. நேராக மூன்றாவதையே வாங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்வது 1/16 அளவு ரிமோட் டாங்கிகளைப் பற்றி. டைகர், ஷெர்மன், டி-34, லெப்பர்ட், ஏப்ரம்ஸ் என்று எந்தப் பெயரைத் தேடினாலும் இந்த அளவில்தான் இரண்டு வகையும் கிடைக்கின்றன. உதிரி பாகங்களும் தாராளம். உண்மையான டைகர் பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம். அதில் பதினாறில் ஒரு பங்கு என்றால் 53 சென்டிமீட்டர். அலமாரியில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத் தொடருங்கள்.

1. எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

காணொளிகளில் டாங்கி சேற்றை உழுதுகொண்டு போகும். உங்கள் டாங்கி பெரும்பாலும் கூடத்து டைல்ஸ் தரையில்தான் ஓடும். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்.

டைல்ஸ், மொசைக், கிரானைட் தரையில் உலோக ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) வழுக்கும், கீறும், தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுந்தாற்போல் சத்தம் போடும். பிளாஸ்டிக் ட்ராக்கும் வழுக்கத்தான் செய்யும், ஆனால் கீறாது. வாடகை வீடு என்றால் இதை இருமுறை படியுங்கள்.

மொட்டை மாடியின் சிமெண்டுத் தளம் உப்புத்தாள் போல. பிளாஸ்டிக் ட்ராக்கின் கண்ணிகளை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். இங்கே உலோக ட்ராக் நிற்கும். தோட்டத்து மண்ணிலும் செம்மண் தரையிலும் எடைதான் பிடிமானம். நாலு கிலோ பிளாஸ்டிக் டாங்கி ஒரு வேப்பங்குச்சியின் மீது ஏறி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் கனம் உள்ளது அதை அமுக்கிவிட்டுப் போகும்.

கடற்கரை மணல் இரண்டு வகைக்கும் ஆகாது. மணல் கியருக்குள் போகும், உப்புக் காற்று எஃகுப் பின்களைத் துருவாக்கும். ஆசைக்கு ஒருநாள் ஓட்டினால் அன்றிரவே கழற்றித் துடைக்க வேண்டும். நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

2. 'உலோகம்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

எவர்சில்வர் பாத்திரக் கடையில் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருப்பதை எடுப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததுதான் என் முதல் தவறு. டாங்கியில் கனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாடலை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். அடியிலிருந்து மேலே பாகம் பாகமாகப் போங்கள்.

கியர்பாக்ஸ். இடது ட்ராக்குக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். மலிவான பதிப்பில் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக் அல்லது நைலான். அடுத்த படியில் துத்தநாகக் கலப்பு உலோகம். அதற்கும் மேலே எஃகு, கூடவே பால் பேரிங். நான் பணம் போடச் சொல்லும் முதல் இடம் இதுதான். மற்ற எல்லாம் பிளாஸ்டிக்காக இருந்தாலும் இது எஃகாக இருக்கட்டும். 'உலோகக் கியர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எஃகா, துத்தநாகக் கலவையா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆயுளில் நிறைய வித்தியாசம் உண்டு.

ஸ்ப்ராக்கெட்டும் ஐட்லரும். மோட்டார் பைக் செயினை இழுக்கும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். இங்கே அது ட்ராக்கை இழுக்கிறது. ட்ராக்கின் மறுமுனையைத் தாங்கிச் சும்மா சுற்றுவது ஐட்லர். இவை இரண்டும் உலோகமாக இருப்பது நல்லது.

ட்ராக். உலோக ட்ராக் கண்ணி கண்ணியாகப் பின் செருகிக் கோத்தது. அதன் பாரத்தால் மேல்பக்கம் சற்றே தொய்ந்து, உண்மையான டாங்கியைப் போலச் சக்கரங்களின் மீது படிந்து கிடக்கும். பிளாஸ்டிக் ட்ராக் விறைப்பாக நிற்கும். இந்த ஒரு தொய்வுக்காகவே உலோகம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கைகளும். உலோக ட்ராக் போட்ட டாங்கியில் பிளாஸ்டிக் கைகள் நாளடைவில் வளைந்து, சக்கரங்கள் உள்பக்கம் சாயும். முதல் ஆண்டு பொறுத்துக்கொள்ளலாம்.

அடிக்கூடு. உலோகத்தில் வாங்கினால் கியர்பாக்ஸ் அசையாமல் உட்காரும். ஈர்ப்பு மையமும் தாழும். திருகாணியைப் பலமுறை கழற்றி மாட்டினாலும் மரை அழியாது. பிளாஸ்டிக்கில் ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது. இது வசதிதான், கட்டாயமில்லை.

மேல் உடலும் சுழல் கோபுரமும். இங்கே உலோகம் வேண்டவே வேண்டாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் வெல்டிங் தழும்பு, ஆணித் தலை, கைப்பிடி எல்லாம் கூர்மையாக வரும். வார்ப்பு உலோகத்தில் அதே விவரங்கள் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருக்கும். கைதவறி விழுந்தால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், விரிசல் விட்டால் ஒட்டலாம். துத்தநாக வார்ப்பு படக்கென்று ஒடியும். அதை மாடல் பசையால் ஒட்ட முடியாது, எபாக்சி வேண்டும். பெயிண்ட் அடிக்கவும் முதலில் உலோகத்துக்கான பிரைமர் பூச வேண்டும். கோபுரம் கனத்தால் அதைச் சுழற்றும் சிறிய மோட்டார் முனகும். ஜப்பானியத் தமியாவின் விலையுயர்ந்த 1/16 டாங்கிகளிலும் மேல் உடல் பிளாஸ்டிக்தான் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

3. ஜோடி பிரிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் டாங்கிக்கு உலோக ட்ராக் மட்டும் தனியாக வாங்கி மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஸ்ப்ராக்கெட் பழைய பிளாஸ்டிக்தான். இரண்டே பேட்டரி ஓட்டத்தில் அதன் பற்கள் அரைத்த தேங்காய் போல ஆகிவிட்டன. சரி என்று உலோக ஸ்ப்ராக்கெட் வரவழைத்து மாட்டினேன். இப்போது ட்ராக்கும் ஸ்ப்ராக்கெட்டும் தோற்க மறுத்தன; ஆகவே அடுத்த பலவீனமான இடம் தோற்றது. கியர்பாக்ஸுக்குள் இருந்த பிளாஸ்டிக் பற்சக்கரம் ஒரு திருப்பத்தில் கடகடவென்று சத்தமிட்டு நின்றது. உடைப்பு மறையவில்லை, ஒவ்வொரு படியாக உள்ளே நகர்ந்தது.

எனவே வரிசை இது: முதலில் எஃகுக் கியர்பாக்ஸ். அடுத்து ஸ்ப்ராக்கெட், ஐட்லர் இரண்டும் சேர்த்து. கடைசியில்தான் ட்ராக். உலோக ஸ்ப்ராக்கெட்டில் பிளாஸ்டிக் ட்ராக் ஓடலாம், ட்ராக் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்யக் கூடாது.

கியர்பாக்ஸ் தனியாக வாங்குகிறவர்கள் இன்னொரு குழியில் விழுவார்கள். வெளியே நீளும் அச்சின் நீளமும் திருகாணித் துளைகளும் டாங்கிக்கு டாங்கி மாறும். '1/16 டாங்கிக்குப் பொருந்தும்' என்ற வரியை நம்பி நான் வாங்கியதில் அச்சு குட்டை. கோவையில் இருப்பதால் தெருக்கோடி லேத் பட்டறையில் ஒரு பித்தளைப் புஷ் கடைந்து வாங்கிச் சமாளித்தேன். பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை, டாங்கியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க மட்டும் கேட்டார். எல்லா ஊரிலும் இது நடக்காது. பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சீனத் தயாரிப்பான ஹெங் லாங் டாங்கிகளில் 3818 என்றால் டைகர், 3898 என்றால் ஷெர்மன், 3889 என்றால் லெப்பர்ட் 2ஏ6, 3909 என்றால் டி-34, 3918 என்றால் ஏப்ரம்ஸ். உதிரி பாகக் கடைகள் எல்லாம் இந்த எண்களில்தான் பேசுகின்றன.

4. எடையும் போர்டும்

ஒரு சின்னக் கணக்கு. டைகரின் உண்மையான எடை ஏறக்குறைய 57 டன். நீள அகல உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாகச் சுருங்கினால் எடை 4,096-இல் ஒரு பங்காகும். அதாவது அளவுக்கேற்ற எடை சுமார் 14 கிலோ. முழு உலோக மாடல்கள் இதற்கு அருகில் வரப் பார்க்கின்றன. பிளாஸ்டிக் மாடல் மூன்று, நாலு கிலோவில் நின்றுவிடுகிறது. கனமான டாங்கி புறப்படும்போதும் நிற்கும்போதும் தயங்கி அசைவதில் ஒரு கம்பீரம் உண்டு. அதற்கு விலை மின்சாரத்தில் கட்ட வேண்டும்.

டாங்கி நின்ற இடத்திலேயே சுழலும்போதுதான் மோட்டார் அதிகமாக மின்சாரத்தை இழுக்கிறது. ஒரு ட்ராக் முன்னோக்கி, மற்றது பின்னோக்கி, அடியில் கம்பளம் என்றால் மோட்டார் கிட்டத்தட்ட சிக்கியே நிற்கும். என் முழு உலோக டாங்கியின் போர்டு அப்படித்தான் கருகியது. எஞ்சின் புகை போல வெளியே விட டாங்கிக்குள் இருக்கும் புகைக் கருவி நன்றாக வேலை செய்கிறதே என்று முதலில் மகிழ்ந்தேன். வாசனை வேறாக இருந்தது.

கனமான டாங்கியில் குறைந்த வேகக் கியர் விகிதம் வாங்குங்கள். 3:1, 4:1, 5:1 என்று போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட வேகம் குறையும், இழுவை கூடும், போர்டும் பிழைக்கும். கம்பளத்தில் நின்ற இடத்தில் சுழற்றாதீர்கள், வளைந்து திரும்புங்கள்.

உலோக உடலில் இன்னும் இரண்டு விஷயம். போர்டின் அடியில் தெரியும் ஈயப் பற்றுகள் உடலைத் தொட்டால் ஷார்ட் ஆகும். நடுவில் பிளாஸ்டிக் தாங்கியோ காப்புத் தாளோ கட்டாயம். அதோடு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உலோகப் பெட்டிக்குள் எளிதில் நுழையாது. ஆண்டெனாக் கம்பியைப் பிளாஸ்டிக் பாகத்துக்கு அருகிலோ வெளியிலோ கொண்டுவர வேண்டும். பத்தடி தள்ளிப் போனதும் டாங்கி பேச்சைக் கேட்காமல் போனால் ரிமோட்டைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

5. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்

'ப்ரோ', 'அப்கிரேட்', 'முழு உலோகம்' என்ற பெயர்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கடையில் முழு உலோகம் என்றால் அடிக்கூடு முதல் கோபுரம் வரை. இன்னொரு கடையில் ட்ராக்கும் சக்கரமும் மட்டும். நான் அனுப்பும் கேள்விகள் இவை. கியர் எஃகா? பேரிங் உண்டா? ஸ்ப்ராக்கெட், ஐட்லர் என்ன உலோகம்? சக்கரங்களைத் தாங்கும் கைகள் எதில் ஆனவை? போர்டு எந்தப் பதிப்பு? பேட்டரி இல்லாமல் எடை எவ்வளவு? பெட்டியின் நீள அகல உயரம் என்ன?

கடைசி இரண்டுக்கும் பதில் வராத கடையை விட்டுவிடுங்கள். எடையைச் சொன்னாலே பாதி உண்மை வெளிவரும். நாலரைக் கிலோ 'முழு உலோக' டைகர் என்று ஒன்று கிடையாது.

சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் பதிப்பும், அகச்சிவப்புக் கதிரால் சண்டையிடும் பதிப்பும் தனித்தனியாக விற்கப்படும். இறக்குமதி செய்கிறவர் அகச்சிவப்புப் பதிப்பையே கேளுங்கள். குண்டு சுடும் எதுவும் சுங்கத்தில் தேவையற்ற கேள்வியைக் கிளப்பும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவே தனிக் காரணம்.

6. செலவு: விலைப்பட்டியலில் இல்லாத பாதி

வெளிநாட்டுக் கடையிலிருந்து நான் வாங்கியபோது அடிப்படைப் பிளாஸ்டிக் டாங்கி 110 டாலர். பிறகு வாங்கிய உலோக ட்ராக் 50, ஸ்ப்ராக்கெட்-ஐட்லர் 25, எஃகுக் கியர்பாக்ஸ் ஜோடி 50. மொத்தம் 235. இவை எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வரும் நடுத்தரப் பதிப்பு அப்போது 210 டாலர். இருபத்தைந்து டாலர்தானே என்று நினைக்காதீர்கள். எனக்கு நாலு பார்சல், நாலு கூரியர் கட்டணம், நாலு முறை வரி. முழு உலோக மாடல் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இப்போது கூரியர். விமான கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன அளவு எடை என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். கன அளவு எடை என்பது பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது. என் பிளாஸ்டிக் டாங்கியின் பெட்டி 62 × 33 × 25. கணக்குப் போட்டால் 10.2 கிலோ. உள்ளே இருந்ததோ நாலு கிலோ பொருள். மீதி ஆறு கிலோவுக்குக் காற்றை விமானத்தில் ஏற்றி அழைத்துவந்திருக்கிறேன். ஆகவே 'உலோகம் கனம், கூரியர் அதிகமாகும்' என்ற கவலை பாதிதான் சரி. அடியில் மட்டும் உலோகம் உள்ள ஆறு கிலோ டாங்கிக்கும் அதே பெட்டி, அதே கட்டணம். முழு உலோகம் பத்து கிலோவைத் தாண்டும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலை, கூரியர் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்குச் சுங்க வரி. சுங்க வரியும் சேர்ந்த தொகைக்கு ஜிஎஸ்டி. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. பொருள் 200 டாலர், கூரியர் 80 என்று வையுங்கள். 280-க்கு 70 சதவீதம் 196. கூட்டினால் 476. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 86. கைக்கு வரும்போது 562 டாலர். இரட்டிப்பு.

சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. பொம்மைகளும் சிறிதாக்கிய மாடல்களும் 9503. எந்தத் தலைப்பில் கூரியர் நிறுவனம் மனுச் செய்கிறது என்பதைப் பொறுத்து வரி மாறும். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதமும் மாறும். ஆர்டர் போடும் முன் கூரியர் நிறுவனத்திடம் 'எந்தத் தலைப்பு, இன்றைய விகிதம் என்ன' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கென்று கூரியர் ஒரு சேவைக் கட்டணமும் வாங்கும். அது ரசீதின் கடைசி வரியில் இருக்கும்.

'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா என்று கேட்காத நண்பர் இல்லை. 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. ராக்கி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உண்டு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அதைவிட மோசம். அதிகாரி இணையத்தில் விலையைப் பார்த்துவிட்டு மறுமதிப்பீடு செய்வார், அபராதமும் வரலாம். வழியில் உடைந்தால் எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு.

7. ஆவணங்களை முன்பே எடுத்து வையுங்கள்

முகவரியோடு கூடிய அடையாளச் சான்று. ஆதார் அல்லது பாஸ்போர்ட். பார்சலில் எழுதிய பெயரும் முகவரியும் அதனோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். என் பார்சலில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருந்தது. அதற்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டியதாயிற்று.

விலை ரசீது. இதில்தான் நான் 11 நாட்களைத் தொலைத்தேன். அனுப்பியவர் பொருளின் பெயராக ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார். அது தண்ணீர்த் தொட்டியா, பீரங்கி வண்டியா, அதன் உதிரி பாகமா என்று கூரியர் அலுவலகத்துக்கும் எனக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தொகுத்தால் சிறு நூலாகும். ரசீதில் இப்படி இருக்கச் சொல்லுங்கள்: 1/16 அளவு ரிமோட் மாடல், பொழுதுபோக்குக்கானது, பிளாஸ்டிக் உடல், எறிபொருள் எதுவும் சுடாது, 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒன்று, விலை இவ்வளவு. எல்லாம் உண்மை, எதுவும் மறைக்கப்படவில்லை, யாருக்கும் சந்தேகமும் வராது.

பணம் கட்டியதற்கான அட்டை அல்லது வங்கிப் பதிவு. விற்பனைப் பக்கத்தின் படம். பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருந்தால் அதன் படம். கடைசியாகச் சொன்னது முக்கியம். 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருட்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ரிமோட் இருப்பதால் தொலைத்தொடர்புத் துறையின் ஈ.டி.ஏ. என்னும் கருவி ஒப்புதலைப் பற்றியும் கேள்வி எழலாம். ரிமோட்டின் அலைவரிசை, சக்தி விவரத் தாளை விற்பவரிடமிருந்து முன்பே வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் இருக்கிறார். என் மூன்றாவது டாங்கி சிங்கப்பூரிலிருந்து மைத்துனரின் பெட்டியில் வந்தது. பயணிகளுக்கு வரியில்லாத வரம்பு ஒன்று உண்டு. அன்றைய தொகையைச் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துச் சொல்லுங்கள், ரசீதையும் கொடுத்தனுப்புங்கள். டாங்கி சரக்குப் பெட்டியில் போகட்டும். தனியாக எடுத்துவரும் லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 7.4 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 14.8 வாட்-மணிதான், விமானங்களின் பொதுவான 100 வாட்-மணி வரம்புக்கு வெகு கீழே. முழு உலோக டாங்கியை மட்டும் யார் தலையிலும் கட்டாதீர்கள். அவருடைய எடை ஒதுக்கீட்டில் பாதியைத் தின்றுவிடும், உறவும் கெடும்.

8. எத்தனை நாள்?

கடை அனுப்ப ஒரு வாரம், பயணம் ஒரு வாரம், சுங்கம் இரண்டு நாள் முதல் இரண்டு வாரம். ஒரு மாதம் என்று மனத்தில் வையுங்கள். பிறந்தநாள், தீபாவளி என்று தேதி வைத்து வாங்குகிறவர் இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, அங்கே கடைகளும் ஆலைகளும் மூடியிருக்கும். அப்போது போட்ட ஆர்டர் தூங்கும். ஆவணம் கேட்டுக் கூரியர் அனுப்பும் மின்னஞ்சல் விளம்பரக் குப்பையில் போய் விழும். தினமும் அங்கே பாருங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் கிடங்கு வாடகை ஏறத் தொடங்கும்.

9. பெட்டி வந்த அன்று

கூரியர் ஆளை வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்தபடி திறங்கள். கனமான டாங்கிகளில் வழியில் உடைவது பெரும்பாலும் பீரங்கிக் குழலும் கோபுரத்தின் கதவுகளும். கியரை ஓட்டிப் பார்க்கும் முன் ட்ராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஏதாவது பின் வெளியே தலை நீட்டினால் உள்ளே தட்டுங்கள்.

பேட்டரி இல்லாமல் வந்தால் வருந்த வேண்டாம். தனி லித்தியம் பேட்டரியை ஏற்பதில் கூரியர்கள் கெடுபிடி செய்வதால் பல கடைகள் அதை எடுத்துவிட்டே அனுப்புகின்றன. 7.4 வோல்ட் பேட்டரியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கலாம். இணைப்பியில் சிவப்பும் கறுப்பும் உங்கள் போர்டில் இருக்கும் அதே பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். மாறியிருந்தால் ஒரே நொடிதான். புதிய போர்டுக்கு மறுபடியும் ஆறாம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

10. முதல் ஐந்து ஓட்டம்

பத்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மோட்டார் பக்கம் கைவைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் ட்ராக் இறுக்கமாக இருக்கிறது. மேல்பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும். கியருக்கு லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். ட்ராக் பின்களுக்கு எண்ணெய் விடாதீர்கள். மண்ணைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். புகைக் கருவியில் எண்ணெய் தீர்ந்தால் அதை அணைத்துவிடுங்கள், காய்ந்து எரிந்தால் போயிற்று.

பிளாஸ்டிக் உடலில் திருகாணியைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பழைய மரையில் உட்காரும் வரை இடப்பக்கம் திருப்பி, 'டக்' என்று இறங்கியதும் வலப்பக்கம் முடுக்கினால் மரை அழியாது.

உலோக ட்ராக் முதல் நாலைந்து ஓட்டத்தில் பின் துளைகள் படிந்து சற்று நீளும். திருப்பத்தில் கழன்று விழத் தொடங்கினால் முதலில் ஐட்லரை இழுத்து நகர்த்திப் பாருங்கள். அதற்கும் மேல் தொய்ந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி எடுத்துவிடுங்கள். எடுத்த கண்ணிகளையும் பின்களையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். என் முதல் கண்ணி ஒடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வீட்டில் அந்த டப்பா இருந்தது.